காசநோயும் சோற்றுத் தட்டும்

மின்சார ரயிலில் குரோம்பேட்டைக்கும் தாம்பரத்துக்கும் இடையே உள்ள நிறுத்தத்தின் பெயர் தாம்பரம் சானடோரியம். நாள்தோறும் அதைக் கடப்போருள் பலர் அச்சொல்லின் பொருளை அறியார். மருந்தில்லாத காலத்தில் தூய காற்று, ஓய்வு, ஊட்டமான உணவு ஆகியவற்றையே சிகிச்சையாக வழங்கிய காசநோய் விடுதிக்கு அப்பெயர். 1928ஆம் ஆண்டில் டாக்டர் சௌரிமுத்து இங்கே அத்தகைய விடுதியைத் தொடங்கினார். 1937இல் அரசு அதனை ஏற்றது.

நன்றாக உண்டால் காசநோய் விலகும் என்ற அந்த நம்பிக்கைக்குப் பொருளாதார வரலாற்றிலும் ஓர் இடம் உண்டு. இங்கிலாந்தில் காசநோய் இறப்புகள் 19ஆம் நூற்றாண்டிலிருந்தே குறைந்துவந்தன. அந்தக் குறைவின் பெரும்பகுதி, 1940களில் ஸ்ட்ரெப்டோமைசின் வருவதற்கு முன்பே நிகழ்ந்துவிட்டது. வாழ்க்கைத் தரம் உயர்ந்து மக்கள் மேலும் நன்றாக உண்டதே இதற்குக் காரணம் என்று தாமஸ் மெக்கியோன் வாதிட்டார். பிற்கால ஆய்வாளர்கள் இதை முழுமையாக ஏற்கவில்லை. நகராட்சிகளின் பொதுச் சுகாதாரப் பணிக்கும் பெரும் பங்கு உண்டு என்றனர். எங்களுக்கும் அவ்வாறே தோன்றுகிறது.

அப்படியானால் வறியவருக்கு இந்நோய் தீராதா? இக்கேள்விக்கு விடை தந்தது சென்னையே. சேத்துப்பட்டில் 1956இல் நிறுவப்பட்ட காசநோய் ஆய்வு மையம் 193 நோயாளிகளை இரு பிரிவாக்கியது. ஒரு பிரிவினர் சானடோரியத்தில் நல்ல உணவும் ஓய்வும் பெற்றனர். மற்றவர் நெருக்கடியான வீடுகளிலேயே, குறைந்த உணவுடன் இருந்தனர். இரு பிரிவினருக்கும் ஓராண்டுக்கு ஒரே மருந்துகள். 1959இல் முடிவு வெளியாயிற்று: சானடோரியத்தில் 92 விழுக்காட்டினருக்கும் வீட்டில் 86 விழுக்காட்டினருக்கும் நோய் அடங்கியிருந்தது. வீட்டில் சிகிச்சை பெற்றவர்களின் குடும்பத்தாருக்கு நோய்த்தொற்று கூடுதலாகப் பரவவும் இல்லை. உலகெங்கும் காசநோயாளிகள் வீட்டிலிருந்தே மாத்திரை உண்ண வழி திறந்தது இந்த ஆய்வுதான். மருத்துவர் சொல்லும் நாள்வரை மாத்திரையை நிறுத்தக் கூடாது என்று நாங்கள் வற்புறுத்துவதும் இதனாலேயே.

எனில், உணவு பொருட்டில்லை என்றாகுமா? ஆகாது. வந்த நோயைத் தீர்ப்பது ஒன்று; நோய் வராமல் தடுப்பது வேறொன்று. அதே சென்னை நிறுவனம் அண்மையில் ஜார்க்கண்டின் நான்கு மாவட்டங்களில் மற்றோர் ஆய்வை நடத்தியது. நோயாளிகள் அனைவருக்கும் உணவுப்பொருள்கள் வழங்கப்பட்டன. ஒரு பிரிவில் மட்டும் வீட்டிலிருந்த மற்றவர்களுக்கும் மாதந்தோறும் தலைக்கு 5 கிலோ அரிசியும் 1.5 கிலோ பருப்பும் கிடைத்தன. 2023இல் வெளியான முடிவின்படி, அக்குடும்பங்களில் புதிதாகக் காசநோய் வருவது 39 விழுக்காடு குறைந்தது. நோயாளிகளைப் பொறுத்தவரை, சிகிச்சையின் தொடக்கத்திலேயே எடை கூடியவர்களிடம் இறப்பு வெகுவாகக் குறைந்திருந்தது.

நம் வீடுகளில் பாலும் முட்டையும் நோயாளியின் தட்டுக்குப் போகும். இரவெல்லாம் கண்விழித்துப் பராமரிக்கும் தாயோ மனைவியோ எஞ்சிய ரசஞ்சோற்றை உண்பார். அன்பினால் செய்வதுதான். ஆனால் ஒரே அறையில் அதே காற்றைச் சுவாசிக்கும் அவருக்கே அந்த முட்டை மிகவும் தேவை. ஜார்க்கண்டில் வேலை செய்தது அரிசியும் பருப்பும்தான். விலையுயர்ந்த சத்துமாவு டப்பாக்கள் வாங்கக் கடன்பட வேண்டியதில்லை.

அரசின் நிக்‌ஷய் திட்டத்தில் உணவுக்காக மாதம் 500 ரூபாய் 2018 முதல் நோயாளியின் வங்கிக் கணக்கில் செலுத்தப்பட்டது. 2024 நவம்பர் முதல் அது 1,000 ரூபாய். பதிவு செய்யும்போது வங்கிக் கணக்கு எண்ணைக் கொடுத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். அடுத்த முறை வரும்போது நோயாளியுடன் வீட்டிலுள்ளோரையும் அழைத்து வாருங்கள். அவர்களையும் பரிசோதித்து, எடை பார்த்துக் குறித்துக்கொள்வோம்.