உவர் நிலத்தில் கொத்தமல்லியும் புதினாவும்

இராமநாதபுரம், தூத்துக்குடி மாவட்டங்களின் கடலோரச் சிற்றூர்களில் கொத்தமல்லி, புதினா, கறிவேப்பிலை ஆகியவற்றைக் கொல்லையில் வளர்க்க முயல்வோர் பலர். சில நாள் தழைத்த செடி, பின்னர் இலை விளிம்பு கருகித் துவள்கிறது. உரம் போதவில்லை எனக் கருதி மேலும் ஒரு பிடி இடுகிறோம். செடி அடியோடு மடிகிறது. பணமும் உழைப்பும் வீணாகின்றன.

இதற்குக் காரணம் யாது? இரசாயன உரமும் ஒருவகை உப்பே. மண்ணில் உப்பு மிகுந்தால், ஈரம் இருந்தும் வேரால் அதனை உறிஞ்ச இயலாது. வறண்ட நிலத்தில் நீர் ஆவியாக, உப்பு மேற்பரப்பில் வெண்மையாகப் படிகிறது. ஆகவே இங்கு உரமிடுதல் சிக்கனமாகவும் முறையாகவும் நடைபெறல் வேண்டும்.

முதலில் மண்ணைப் பரிசோதித்தல் நன்று. வெண்படலம் பூப்பது உவர் நிலம். நல்ல நீரைத் தேக்கி வடித்தால் உப்புக் கரைந்து நீங்கும். கார அமில நிலை 8.5க்கு மேற்பட்டு, நீர் உள்ளிறங்காமல் நிற்பது களர் நிலம். பரிசோதனை கூறும் அளவில் ஜிப்சம் இட்ட பின்னரே நீரை வடித்தல் வேண்டும்.

இனி உரமிடும் முறையைக் காண்போம்.

1. நன்கு மக்கிய தொழு உரத்தைச் சதுர மீட்டருக்கு 2 கிலோ வீதம் விதைப்பதற்கு முன் மண்ணுடன் கலக்கலாம். சாம்பலும் கோழி எருவும் இங்கு வேண்டா.

2. தக்கைப்பூண்டு உவரையும் களரையும் தாங்கும். அதனை விதைத்து, பூக்கும் தருணத்தில் மடக்கி உழுதால் மண் பொலபொலப்பாகும்.

3. தழைச்சத்துக்கு அம்மோனியம் சல்பேட் ஏற்றது. ஒரே முறையில் இடாது, சிறு சிறு அளவாகப் பிரித்து, ஈரமான மண்ணில் இடுதல் வேண்டும். களர் நிலத்தின் மேற்பரப்பில் தூவிய யூரியாவின் தழைச்சத்தில் ஒரு பகுதி காற்றில் கலந்துவிடும். சாம்பல்சத்துக்கு, குளோரைடு மிகுந்த மியூரியேட் ஆப் பொட்டாஷைத் தவிர்த்து, சல்பேட் ஆப் பொட்டாஷைக் கொள்வோம்.

4. இளந்தளிர், நரம்பு மட்டும் பச்சையாக நிற்க, மஞ்சளித்தால் அது இரும்புச்சத்துக் குறை. லிட்டர் நீருக்கு 5 கிராம் அன்னபேதி கரைத்து மாலையில் தெளிக்கலாம். இலைகளைக் கழுவிய பின்னரே சமைத்தல் வேண்டும்.

பாரின் உச்சியில் உப்புச் சேருமாதலால் பக்கவாட்டில் நடுவதும், வைக்கோலால் மண்ணை மூடுவதும் பயன் தரும். சோப்பு நீரைப் பாத்தியில் விடலாகாது; அதிலுள்ள சோடியம் நிலத்தை மேலும் களராக்கும்.

வாடிய செடியைக் கண்டவுடன் உர மூட்டையை நாடாது, முதலில் மண்ணை நோக்குவோமாக.