மருகால்தலைப் பாறை சொல்லும் சேதி

எகிப்தின் ரோசெட்டா கல்லைப் பற்றிப் படித்திருப்பீர்கள். 1799-இல் கிடைத்த அந்தக் கல்லில் ஒரே செய்தி மூன்று எழுத்து வடிவங்களில் இருந்தது. தெரிந்த கிரேக்கத்தைத் துணையாகக் கொண்டு, தெரியாத எகிப்திய எழுத்தின் சூட்சுமத்தை 1822-இல் வெளியிட்டார் சாம்போலியன். சரி, நம்ம ஊர்ப் பாறை ஒன்றின் கதை நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

சீவலப்பேரி பக்கம் மருகால்தலை என்றொரு ஊர். அங்குள்ள குன்றின் குகையில் துறவிகளுக்காக வெட்டிய கல் படுக்கைகள் உள்ளன. மேலே பாறையில் ஒரே ஒரு வரி எழுத்து. 1906-இல் இது ஆய்வாளர் கண்ணில் பட்டது. வயதோ ஏறத்தாழ 2000 ஆண்டு!

எழுத்து பிராமி வகை. வடக்கே 1837-லேயே பிரின்செப் பிராமியைப் படித்துவிட்டார். அப்படியானால் இங்கே என்ன சிக்கல்? எழுத்து தெரிந்தது, மொழி பிடிபடவில்லை. பிராகிருதமாகப் படித்துப் பார்த்தார்கள், பொருள் கூடவில்லை. 1924-இல் கே.வி. சுப்பிரமணிய ஐயர், இத்தகைய குகை எழுத்துகளின் மொழி தமிழே என்று காட்டினார். ழ, ள, ற, ன என்ற நம் எழுத்துகளே அதற்குச் சாட்சி. பின்னர் ஐராவதம் மகாதேவன் இவற்றையெல்லாம் தொகுத்து ஆராய்ந்தார்.

மருகால்தலை வரியில் 'வெண்காஸிபன் கொடுபித' என்று வருகிறது. 'கொடுபித' என்றால் என்ன? இரட்டிக்க வேண்டிய மெய்யை அன்று ஒற்றையாகவே எழுதியிருக்கிறார்கள். 'கொடுப்பித்த' என்று நிரப்பிப் படித்தால் போதும், புரிந்துவிடும். வெண்காசிபன் என்பவர் கொடுக்கச் செய்த கல் படுக்கை, அவ்வளவுதான் சேதி. போருமில்லை, புகழ்ச்சியுமில்லை.

எகிப்திலும் நம் எழுத்து உண்டு. செங்கடல் கரையில் குசேர் அல் கதிம் என்ற பழைய துறைமுகத்தில் கிடைத்த பானை ஓட்டில் 'பானை ஒறி' என்ற தமிழ்ச் சொற்கள்! உறியில் தொங்கும் பானை என்று விளக்கம் சொல்கிறார்கள். ஆக, அரசர் மட்டுமல்ல, பானை சட்டி புழங்கியவர்களும் எழுதியிருக்கிறார்கள்.

நாளைக்கு நம்மில் பலர் சைட் இன்ஜினியர் ஆகப் போகிறோம். ஜல்லிக்காக வெடி வைத்தால் 2000 வருட எழுத்து ஒரு நொடியில் தூள். வெடிக்கு முன்னால் பாறையை ஒரு சுற்றுப் பாருங்கள். கீறல் எழுத்து தென்பட்டால் தொல்லியல் துறைக்குச் சொல்லுங்கள். குகைக்குப் போனால் பெயிண்டில் பெயர் எழுதி வைக்காதீர்கள். வெண்காசிபன் பெயர் நின்றது, படுக்கை கொடுத்ததால்!