ஜப்பானியரும் மரபணு மாற்றுப் பயிர்களும்: கேள்விப்பட்டதும் கணக்கில் கண்டதும்

எள் பயிரிடுவோரே பெரும்பான்மையாக உள்ள ஒரு கூட்டுறவு விற்பனைச் சங்கத்தின் மகாசபைக் கூட்டத்திற்குத் துறையின் சார்பில் சென்றிருந்தேன். மாசிப் பட்டத்து எள் களத்துக்கு வந்திருந்த சமயம் அது. நிகழ்ச்சி நிரலில் ஆறாவதாக ஒரு தீர்மானம் இருந்தது. சங்கத்தின் எள்ளுக்கு ‘மரபணு மாற்றம் செய்யப்படாதது’ என்னும் சான்றிதழ் பெறும்பொருட்டு, உறுப்பினர் ஒருவருக்கு 500 ரூபாய் வீதம் வசூலித்து, வெளியூர்த் தரகர் ஒருவரிடம் செலுத்துவது என்பதே அத்தீர்மானம்.

தரகரே எழுந்து விளக்கம் தந்தார். ஜப்பான் அரசு மரபணு மாற்றுப் பயிர் எதனையும் தன் நாட்டு எல்லைக்குள் விடுவதில்லையாம். அந்நாட்டு மக்கள் அனைவரும் ஒரே மனத்தினராக அதனைத் தீண்டாது வாழ்கிறார்களாம். அவர்கள் நூறு வயது வாழ்வதன் இரகசியமும் அதுவேயாம். ஆகவே இச்சான்றிதழைக் கண்ட மாத்திரத்தில் ஜப்பானிய வியாபாரி இரட்டிப்பு விலை கொடுத்து எள்ளை வாங்கிக்கொள்வாராம். கை தட்டினார்கள். சங்கக் காரியதரிசி என் பக்கம் திரும்பி, “ஐயா, படித்தவர் நீங்கள். இவர் சொல்வது மெய்தானா?” என்று வினவினார்.

எனக்குத் தெரியவில்லை. இதே செய்தி என் கைப்பேசிக்கும் பலமுறை வந்ததுண்டு. நானும் அதனை மெய்யென்றே நம்பி, இரண்டொரு நண்பர்களுக்கு எடுத்துக் கூறியும் இருந்தேன். ஆயினும் உறுப்பினர் பணம் கைமாறவிருக்கும் இடத்தில் ‘அப்படித்தான் சொல்கிறார்கள்’ என்பது விடையாகாது. ஒரு மாதம் தவணை கேட்டேன். சபையார் மனமில்லாமலே இசைந்தனர். அம்மாதத்தில் படித்தறிந்தவற்றை அடுத்த கூட்டத்தில் கூறினேன். அதனையே சற்று விரித்து இங்கு எழுதுகிறேன்.

மரபணு மாற்றுப் பயிர் இன்னதென்பது பருத்தி விவசாயிகளுக்குப் புதிதன்று. மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரின் மரபணுவைப் பருத்திச் செடியில் சேர்த்து, காய்ப்புழு தின்றால் மடியும்படி செய்ததே பிடி பருத்தி. 2002ஆம் ஆண்டில் நம் நாட்டில் அனுமதி பெற்ற அப்பருத்தி இன்று பருத்தி விளையும் நிலத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் பரவியிருக்கிறது. நம் நெசவாளர் தறியில் ஓடும் பருத்தி நூலில் பெரும்பகுதி அதிலிருந்து வந்ததே. உலகச் சந்தைக்குப் பஞ்சு அனுப்பும் அமெரிக்கா, பிரேசில், ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளிலும் நிலைமை இதுவேயாதலால், ஜப்பானியர் அணியும் பருத்திச் சட்டையும் பெரும்பாலும் அவ்வகைப் பஞ்சினாலானதே. அதைப் பற்றி எவரும் கேட்பதில்லை.

இனி, ‘ஜப்பானில் தடை’ என்னும் பேச்சைக் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். ஜப்பானியர் உண்ணும் உணவின் சக்தியில் சுமார் 38 சதவிகிதமே அந்நாட்டில் விளைகிறது. மற்றது கப்பலில் வருகிறது. ஆண்டுதோறும் ஏறத்தாழ ஒன்றரைக் கோடி டன் மக்காச்சோளமும், 30 லட்சம் டன்னையொட்டிய சோயா மொச்சையும் இறக்குமதியாகின்றன. இவற்றை அனுப்புவோரில் அமெரிக்காவும் பிரேசிலும் முதன்மையானவை. அமெரிக்காவில் இவ்விரு பயிர்களும் விளையும் நிலத்தில் 90 சதவிகிதத்துக்கு மேல் மரபணு மாற்று விதையே விதைக்கப்படுகிறது. எண்ணெய்க்கான கடுகினப் பயிரான கனோலா கனடாவிலிருந்து வருகிறது. அதுவும் பெரும்பாலும் அத்தகையதே. தடை என்று ஒன்று இருக்குமாயின் ஜப்பானில் கோழிப்பண்ணைகளும் மாட்டுத் தொழுவங்களும் எண்ணெய் ஆலைகளும் ஒரே பருவத்தில் மூடவேண்டி வரும்.

உள்ளபடி இருப்பது தடையன்று, பரிசீலனை. உணவாக உண்பதற்குரிய பாதுகாப்புப் பரிசோதனை 2001 ஏப்ரல் முதல் கட்டாயமாயிற்று. செடிகொடிகளுக்கும் பிற உயிர்களுக்கும் தீங்கு நேருமா என்பதை ஆராய்வதற்கான சட்டம் 2003இல் இயற்றப்பட்டு 2004இல் நடைமுறைக்கு வந்தது. இவ்வழிகளில் நூற்றுக்கணக்கான இரகங்கள் அனுமதி பெற்றுள்ளன. அனுமதி பெறாத சரக்கு வந்தால்தான் அவ்வரசின் கடுமை தெரியும். 2013இல் அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் ஒரு வயலில் அனுமதியற்ற மரபணு மாற்றுக் கோதுமை முளைத்திருப்பது வெளிப்பட்டபோது, அப்பகுதியின் வெள்ளைக் கோதுமையை வாங்குவதை ஜப்பான் சுமார் இரண்டு மாதம் நிறுத்தியது. இத்தகைய செய்தியின் முற்பாதி மட்டும் கடல் கடந்து வந்து ‘தடை’யாக உருமாறுகிறது என்பது என் ஊகம்.

தரகர் கூற்றில் ஒரு பகுதி உண்மையும் உண்டு. ஜப்பானிய விவசாயி எவரும் உணவுக்கான மரபணு மாற்றுப் பயிரை விற்பனைக்காக விளைவிப்பதில்லை. நூற்றுக்கு மேற்பட்ட இரகங்களைப் பயிரிடச் சட்டம் இடம் கொடுத்திருந்தும் வயலில் ஒன்றும் இல்லை. 2009 முதல் விற்பனைக்கு வந்த நீலச் சாயல் ரோஜா ஒன்றே மண்ணில் வளரும் விதிவிலக்கு எனலாம். அது உண்ணும் பொருளன்று.

நெசவாளர் கவனிக்கத்தக்க மற்றொரு விதிவிலக்கும் உண்டு. அது செடியன்று, பட்டுப்புழு. குன்மா என்னும் மாவட்டம் ஜப்பானியப் பட்டுக்குப் பேர்போனது. 1872இல் நிறுவப்பட்ட தொமியோக்கா பட்டாலை அங்கேதான் உள்ளது. 1929இல் அந்நாடு முழுவதிலும் பட்டுப்புழு வளர்த்த குடும்பங்கள் 22 லட்சம். இன்று 200க்கும் குறைவு. அழிந்துவரும் அத்தொழிலுக்குப் புதுச் சரக்கு ஏதேனும் வேண்டுமென்று, சுகுபா நகரத்து அரசு ஆராய்ச்சிக்கூடத்தார் மரபணு மாற்றத்தால் பச்சையாக ஒளிரும் பட்டினைத் தரும் புழுவை உருவாக்கினர். நீல ஒளியில் காட்டினால் அந்நூல் மினுங்கும். வழக்கம்போல் கூடுகளைக் கொதிநீரில் அவித்தால் ஒளி கெட்டுவிடுமாதலால், குறைந்த வெப்பத்தில் நூலெடுக்கும் முறையையும் அவர்களே வகுத்தனர். 2017இல் குன்மா விவசாயிகள் தங்கள் மனைகளிலேயே இப்புழுவை வளர்க்க அனுமதி பெற்று வளர்த்தனர். ‘ஜப்பானியர் இவ்வித்தையையே வெறுப்பவர்கள்’ என்பாருக்கு இதனைவிட வேறு விடை வேண்டியதில்லை.

அவ்வாறாயின் உழவர் ஏன் பயிரிடுவதில்லை? வாங்குவார் இல்லை என்பதே காரணம். ஐச்சி மாவட்ட ஆராய்ச்சிக்கூடம், மான்சாண்டோ என்னும் அமெரிக்கக் கம்பெனியுடன் கூடி, களைக்கொல்லியைத் தாங்கும் நெல்லொன்றை உருவாக்கிவந்தது. லட்சக்கணக்கானோர் கையொப்பமிட்டு எதிர்த்தனர். 2002ஆம் ஆண்டு இறுதியில் அம்முயற்சி கைவிடப்பட்டது. ஹொக்காய்டோ தீவின் நிர்வாகம், முன் அனுமதியின்றி எவரும் அங்கே மரபணு மாற்றுப் பயிரைத் திறந்தவெளியில் பயிரிடலாகாதென்று 2005இல் விதி செய்து 2006 முதல் அமல்படுத்தியது. தன் ஊர் விளைச்சலின் நற்பெயர் கெட்டுவிடும் என்னும் அச்சம் இவ்விதிக்குப் பின்னால் நின்றது.

உண்பவர் நிலையை ஆராயும்போது, கூட்டுறவாளராகிய நாம் ஊன்றிப் பார்க்கவேண்டிய இடம் வருகிறது. சோயாவிலிருந்து செய்யும் தோஃபு முதலிய பண்டங்களில், மரபணு மாற்றுச் சரக்கா அன்றா என்பதைச் சீட்டில் அச்சிடும் விதி 2001இல் வந்தது. சோயா சாறும் சமையல் எண்ணெயும் அதனின்று விலக்குப் பெற்றன. முடிவான பண்டத்தில் மரபணுவோ அதன் புரதமோ சோதனையில் அகப்படாது என்பது அதற்குக் கூறப்பட்ட நியாயம். மாற்றுச் சோளம் தின்ற கோழியின் முட்டைக்கும், மாட்டின் பாலுக்கும் சீட்டு வேண்டியதில்லை. எனவே ஒரு ஜப்பானிய இல்லத்தரசி, மாற்றப்படாதது என்று அச்சிட்ட தோஃபுவைத் தேர்ந்து வாங்கி, அதே கூடையில் அவ்வகை எண்ணெயையும் முட்டையையும் தாமறியாமலே வாங்கிச் செல்வது அன்றாட நிகழ்ச்சி. 5 சதவிகிதம் வரை தற்செயலாகக் கலந்திருந்தாலும் ‘மாற்றப்படாதது’ என்று அச்சிட இடமிருந்தது. 2023 ஏப்ரல் முதல், சோதனையில் சிறிதும் அகப்படாத சரக்குக்கே அச்சொல். மற்றதைப் ‘பிரித்துக் கையாளப்பட்டது’ என்றுதான் குறிக்கவேண்டும்.

இந்தச் சோளத்தைக் கொண்டுவருவோர் யார் என்று பார்த்தால் வியப்பு மேலிடுகிறது. ஜப்பானிய விவசாயக் கூட்டுறவுகளின் தேசிய இணையமான ஜென்நோ, 1979இல் அமெரிக்காவில் ஒரு தானியக் கம்பெனியை நிறுவி, லூசியானா மாநிலத்தில் மிசிசிப்பி ஆற்றங்கரையில் பெரிய ஏற்றுமதிக் கிடங்கை நடத்திவருகிறது. உறுப்பினரின் மாடுகளுக்கும் கோழிகளுக்குமான தீவனச் சோளம் அவ்வழியே கப்பலேறுகிறது. அது பெரும்பாலும் மரபணு மாற்றுச் சோளமே. தன் வயலில் அவ்விதையை விதைக்காத உழவனுக்கே அவனுடைய கூட்டுறவு அத்தீவனத்தை விற்கிறது. இதில் வஞ்சகம் இருப்பதாக நான் எண்ணவில்லை, விலை அப்படி.

வேறு வழி நாடியோரும் கூட்டுறவாளரே. 1965இல் தோக்கியோ நகரத்துக் குடும்பப் பெண்கள் பாலை மொத்தமாக வாங்கிப் பங்கிட்டுக்கொள்ளத் தொடங்கியதில் பிறந்தது செய்கட்சு நுகர்வோர் கூட்டுறவு. 1997இல் அது மரபணு மாற்றுப் பொருளைக் கூடியவரை கையாள்வதில்லை என்றும், தவிர்க்கவியலாத இடங்களில் அதனை உறுப்பினருக்கு மறைக்காமல் தெரிவிப்பது என்றும் முடிவுசெய்தது. தீவனத்தையும் இதில் சேர்த்துக்கொண்டது. இதன் பொருட்டு வயல், லாரி, கிடங்கு, கப்பலறை ஆகிய ஒவ்வொன்றிலும் சரக்கைத் தனியே வைத்து, கைமாறும் இடந்தோறும் தனிச்சீட்டு எழுதிக் காக்கவேண்டும். அச்செலவை உறுப்பினர் தாமே விலையில் ஏற்றுக்கொள்கின்றனர். நல்லதோ தேவையற்றதோ, தாம் எதற்குப் பணம் கொடுக்கிறோம் என்பதை அவர்கள் அறிந்திருக்கிறார்கள். எனக்கு அவர்களிடம் பிடித்தது அதுவே.

ஒரே மனத்தினர் என்பதும் பொருந்தவில்லை. யோக்கய்ச்சி துறைமுகத்திலிருந்து லாரிகள் செல்லும் சாலையோரத்தில் சிந்தி முளைத்த கனோலாச் செடிகளைப் பிடுங்குவதற்கென்றே விடுமுறை நாளில் கூடும் குடிமக்கள் இருக்கிறார்கள். அதே நாட்டில், மரபணுவில் சிறு திருத்தம் செய்து, இரத்த அழுத்தத்துக்கு நல்லதென்னும் ஒரு சத்து மிகும்படி உருவாக்கிய தக்காளியின் நாற்றுகளை 2021இல் வீட்டுத் தோட்டக்காரர்கள் விரும்பிப் பெற்று நட்டார்கள். வெளி உயிரின் மரபணுவைச் சேர்க்காத திருத்தமாதலால் அதற்கு மரபணு மாற்று விதிகள் பொருந்தவில்லை.

ஆயுள் விஷயத்தில் நாள்காட்டியே சாட்சி. மரபணு மாற்றுச் சோயாவும் சோளமும் உலகில் பெருமளவில் விதைக்கப்பட்டது 1996 முதல். அதற்குப் பத்தாண்டுக்கு முன்பே, 1980களில், ஜப்பானியர் ஆயுளில் உலகின் முன்வரிசைக்கு வந்துவிட்டனர். அப்பொருளை உண்ணத் தொடங்கிய பின்னும் அவ்விடத்தை இழக்கவில்லை. விஷமில்லா விவசாயம் என்பதையும் உடன் சேர்த்துப் பேசுகிறார்கள். ஹெக்டேருக்குச் சுமார் பத்து கிலோ பூச்சி, பூஞ்சாண, களை மருந்து இடும் நாடு அது. நம் நாட்டுச் சராசரி ஒரு கிலோவுக்கும் கீழ்.

இவ்வளவையும் சொல்லி முடித்தபின் எள்ளுக்கு வந்தேன். மரபணு மாற்று எள் என்று ஒன்று உலகச் சந்தையில் இல்லவே இல்லை. ஜப்பான் தனக்கு வேண்டிய எள்ளில் ஏறக்குறைய முழுவதையும், பெரும்பகுதியை ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து, வாங்குகிறது. அது அனைத்தும் மாற்றப்படாததே. மேலும், அந்நாட்டுச் சீட்டு விதி சோயா, சோளம், உருளைக்கிழங்கு, பப்பாளி உள்ளிட்ட ஒன்பது பயிர்களுக்கே உரியது. அவற்றுக்கு வெளியே மாற்று இரகமே இல்லாத பொருளின்மேல் ‘மரபணு மாற்றப்படாதது’ என்று அச்சிடுவதை அவ்விதி தடுக்கிறது. ஆக, 500 ரூபாய்க்கு நாம் வாங்கவிருந்த சொல்லை ஜப்பானியக் கடைக்காரர் தம் எள் பொட்டலத்தில் போடவே முடியாது.

ஜப்பானியத் துறைமுகத்தில் எள்ளுக்குள்ள உண்மையான கதவு வேறு. 2006 மே மாதம் முதல், தனி வரம்பு குறிக்கப்படாத பூச்சிமருந்து எதுவாயினும் விளைபொருளில் பத்து லட்சத்தில் 0.01 பங்குக்கு மேல் எஞ்சியிருந்தால் அந்தச் சரக்கு நுழைய முடியாது. ஒருவர் வயலில் கடைசி நேரத்தில் அடித்த மருந்து, ஒரே கிடங்கில் கொட்டிய அனைவர் எள்ளையும் கெடுத்துவிடும். இதைச் சொன்னபோது சபையில் முதன்முறையாக அமைதி நிலவியது. முன்வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர், “அப்படியானால் அறுப்புக்கு முன் யார் யார் என்ன மருந்தடித்தோம் என்று எழுதி வைக்கவேண்டும் என்கிறீர்களா?” என்று கேட்டார். ஆம் என்றேன். “அது ஐந்நூறு ரூபாய் கொடுப்பதைவிடச் சிரமம்” என்றார் அவர். சிலர் சிரித்தனர்.

தீர்மானம் ஒன்பது வாக்கு வித்தியாசத்தில் தோற்றது. தரகரைப் பகைத்துக்கொண்டோமே என்று நிர்வாகக் குழுவில் இருவருக்கு என்மீது இன்னும் வருத்தம் உண்டு. சங்கம் இப்போது மருந்துக் குறிப்பேடு ஒன்றை அச்சிட்டு உறுப்பினருக்கு வழங்கியிருக்கிறது. பாதிப் பேருக்கு மேல் எழுதுவதில்லை. எழுதியோர் எள்ளைத் தனி மூட்டையாகக் கட்டி, அதிலிருந்து மாதிரி எடுத்துச் சோதனைக்கு அனுப்பியுள்ளார்கள். மகாசபைக்கு முன்பே ஆர்வமிகுதியால் தரகரிடம் பணம் கட்டிவிட்ட பதினொரு பேருக்கு, ரசீது கைவசம் இருந்தும், தொகை திரும்பி வரவில்லை. கடிதப் போக்குவரத்து நடைபெறுகிறது.