சாயவேரும் சிவந்த என்பும்

வடை சுற்றிய கடதாசியை ஒளிக்கெதிரே பிடித்துப் பாருங்கள். எண்ணெய் தோய்ந்த இடத்தில் மட்டும் வெளிச்சம் ஊடுருவும். நார்களுக்கிடையே இருந்த காற்றின் இடத்தை எண்ணெய் நிரப்பியதால் ஒளி அதிகம் சிதறுவதில்லை. இறந்த மீனின் தசையையும் இவ்வாறே பளிங்குபோல் ஆக்கி, என்புக்கூட்டை வெட்டாமற் காணலாம்.

போமலினிற் பதப்படுத்திய மீனைக் கழுவி, அமிலமும் மதுசாரமும் கலந்த அல்சியன் நீலத்தில் இடுவர், கசியிழையம் நீலமாகும். அமிலத்தில் நெடுநேரம் வைத்தலாகாது. என்பின் கல்சியம் கரைந்தாற் பின்னர் சிவப்பு ஏறாது. அடுத்து, வெண்காரக் கரைசலில் திரிப்சின். நம் குடலில் உணவுப் புரதத்தைச் சமிக்கச் செய்யும் இந்நொதியம் தசைப் புரதத்தை மெல்லக் கரைக்க, கொலாஜன் நார்கள் எஞ்சி உருவத்தைத் தாங்கும். பொற்றாசியம் ஐதரொட்சைட்டுக் கரைசலில் அலிசரின் என்பைச் சிவப்பாக்கும். ஈற்றிற் கிளிசரீன், கடதாசிக்கு எண்ணெய் செய்ததைச் செய்யும். திரிப்சின் முறையை 1967 இல் டெய்லரும், இரு சாயங்களையும் இணைத்த முறையை 1977 இல் டிங்கர்கஸ், ஊலர் ஆகியோரும் வெளியிட்டனர். (வீட்டிற் செய்து பார்க்கத்தக்கதன்று, போமலின் நஞ்சு.)

அலிசரின் நமக்கு அந்நியமன்று. மன்னார், யாழ்ப்பாணப் பகுதிகளின் மணல்நிலத்தில் அகழப்பட்ட சாயவேரின் சிவப்பும் அதுவே. ஒல்லாந்தர் ஆட்சியில் அவ்வேர் அரசுக்கு வருவாய் தந்தது. 1868 இல் கிறேபே, லீபர்மான் என்னும் ஜேர்மானியர் அலிசரினைச் செயற்கையாக ஆக்கினர். வேர்ச்சாயங்களின் சந்தை சரிந்தது. துணி கைவிட்ட சாயத்தை ஆய்வுகூடம் ஏற்றுக்கொண்டது என்பேன்.

2007 இல் மியன்மார் மீன்கள் சில இலண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தை அடைந்தன. நீளம் ஏறத்தாழ 17 மில்லிமீற்றர். ஏற்கெனவே அறிந்த இனமென்றே கருதினர். அவை இறந்தபின் நுணுக்குக்காட்டியில் நோக்கியபோது ஆண்மீனின் தாடையிற் கோரைப்பற்கள்! கெண்டைச் சாதி மீன்களுக்கோ தாடையிற் பற்களே இல்லை. சாயமேற்றியதும் ஐயம் தீர்ந்தது: அவை பற்களல்ல, தாடை என்பின் கூரிய நீட்சிகள். வரிக்குதிரை மீனைவிட 44 என்புகளேனும் குறைவென்பதும் தெரிந்தது. பிரிட்ஸ், கொன்வே, ரூபர் ஆகிய மூவரும் 2009 இல் அதற்கு டானியோனெல்லா டிராகுலா எனப் பெயரிட்டனர். ரூபர் பின்னர் நமது பேர்ண் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்திற் பணியேற்றார்.

இன்று எக்ஸ் கதிர்க் கணினிப் படங்களும் என்பைக் காட்டுகின்றன. நொதியம் கரைத்த தசையோ மீளாது. ஆதலின் ஒரேயொரு மாதிரி மட்டும் கிடைத்த இனத்தை இக்கரைசல்களில் இட எளிதில் எவரும் துணியார்.