ஓமலூரிலிருந்து ரேஸ் டிராக் வரை: பிரேக் பேட் வாங்குவோருக்குப் பயனுள்ள குறிப்புகள்

ஓமலூரில் கார் வைத்திருப்பவர் பிரேக்கைப் பற்றி நினைக்காமல் இருக்க முடியாது. வடக்கே போனால் தொப்பூர் கணவாய். கிழக்கே ஏற்காட்டுச் சாலை. நாமக்கல் பக்கம் திரும்பினால் 70 கொண்டை ஊசி வளைவுகளோடு கொல்லிமலை. இவை போதாதென்று, வார நாளில் வேலைக்குப் போகும் அதே காரை விடுமுறையில் கோவை செட்டிப்பாளையத்தின் கரி மோட்டார் ஸ்பீட்வேக்கோ, ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டை டிராக்குக்கோ ஓட்டிப் போகும் பிள்ளைகளும் நம் பக்கம் கூடிவிட்டார்கள். ஒரே காருக்கு இரண்டு வேலை என்னும்போது பேட் தேர்வில் குழப்பம் வருவது இயல்பு. அவர்களுக்காகவும், மலைச்சாலையில் குடும்பத்தோடு இறங்குபவர்களுக்காகவும் இந்தக் குறிப்புகள்.

1. பேட் வாங்குமுன், கார் எங்கே அதிகம் ஓடுகிறது என்று பாருங்கள். வருடத்துக்கு ஓரிரு முறைதான் டிராக் என்றால் விலை கூடிய ரேஸ் பேட் தேவையே இல்லை. கம்பெனி பேட் புதிதாகவும், பிரேக் ஆயில் புதிதாகவும் இருந்து, நான்கைந்து சுற்றுக்கு ஒருமுறை ஆறவிட்டு ஓட்டினால் போதும். மாதம் ஒருமுறை டிராக்குக்குப் போகிறவர்தான் அடுத்த படியைப் பற்றி யோசிக்க வேண்டும்.

2. பேட் செய்யும் வேலை ஒன்றுதான்: காரின் வேகத்தைச் சூடாக மாற்றுவது. அந்தச் சூடு எவ்வளவு என்று ஒரு கணக்குப் போட்டால் மற்றதெல்லாம் தானே விளங்கும். ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம். அங்கிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளில் சேலம் அடிவாரம்வரை 1,200 கிலோ எடையுள்ள கார் இறங்கும்போது கரைய வேண்டிய ஆற்றல், 100 கிலோமீட்டர் வேகத்திலிருந்து ஏறத்தாழ 28 முறை முழுதாக நிறுத்துவதற்குச் சமம். கியரில் இறங்கினால் இதில் நல்ல பங்கை எஞ்சின் வாங்கிக்கொள்ளும். நியூட்ரலில் உருட்டினால் காற்றுத் தடை போக முழுவதும் பேட்டின் தலையில் விழும். டிராக்கில் நிலைமை வேறு. வேகம் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்கு. நேர்ச்சாலை முடிவில் 140இலிருந்து 60க்கு ஒரே மிதியில் இறக்கி, டிஸ்க் ஆறுவதற்குள் அடுத்த வளைவுக்கு மறுபடி மிதிக்கிறோம்.

3. பேட் வகைகளைக் கடையில் பல பெயர்களில் சொல்வார்கள். சாதாரணக் காரில் வருவது பெரும்பாலும் ஆர்கானிக் வகை. சத்தமில்லாதது, டிஸ்க்கைத் தின்னாது, ஆனால் 300, 350 டிகிரி சென்டிகிரேடைத் தாண்டினால் பலதின் பிடி தளரத் தொடங்கும். செமி மெட்டாலிக் வகையில் இரும்புத் தூளும் இழையும் கலந்திருப்பதால் சூடு தாங்கும். கூடவே கறுப்புத் தூசும் கொஞ்சம் கீச்சலும் வரும். செராமிக் என்றாலே ரேஸுக்கு என்று பலர் நினைக்கிறார்கள். கடையில் கிடைக்கும் செராமிக் பேட் தூசு குறையவும் சத்தம் அடங்கவும் செய்யப்பட்டது. டிராக்குக்கு அது பொருத்தமல்ல.

பேட்டின் கதையே மலை இறக்கத்தில் தொடங்கியதுதான். இங்கிலாந்தின் டெர்பிஷயர் மலைப்பகுதியில் குதிரை வண்டிக்காரர்கள் பழைய பூட்ஸைச் சக்கரத்தில் கொடுத்து வண்டியை மட்டுப்படுத்தி இறக்குவதைப் பார்த்த ஹெர்பர்ட் ஃப்ரூட், அதற்கு மாற்றாக பிரேக் கட்டைகள் செய்து 1897இல் ஃபெரோடோ கம்பெனியைத் தொடங்கினார். ரோட்டுக்கும் டிராக்குக்கும் பொதுவாக ஓடுகிறவர்கள் இன்றும் கேட்டு வாங்கும் பெயர்களில் ஃபெரோடோ டிஎஸ் 2500, ஈபிசி எல்லோஸ்டஃப் ஆகியவை உண்டு. உங்கள் கார் மாடலுக்கு அந்த அளவில் வருகிறதா என்பதை முதலில் விசாரியுங்கள்.

4. எல்லாக் குறிப்பிலும் முக்கியமானது இது: குளிர்ந்த நிலையில் பேட் எப்படிப் பிடிக்கிறது என்று கேளுங்கள். முழு ரேஸ் பேட் சூடேறிய பிறகுதான் வேலை செய்யும். காலை 6 மணிக்குக் காரை எடுத்து ஓமலூர் பஸ் நிலையம் பக்கம் திரும்பும்போது குறுக்கே ஒரு பிள்ளை ஓடி வந்தால், சூடேறாத ரேஸ் பேட் வழக்கமான மிதிக்கு நிற்காது. மார்கழிப் பனியில் ஏற்காட்டில் இரவு தங்கி விடியலில் இறங்கும்போது முதல் வளைவிலும் அப்படித்தான். டிராக்கில் ஓட்டுவது ஓரிரு மணி நேரம். போகவரச் சாலையில் இருப்பது எட்டு மணி நேரம். ஆகவே ஒரே பேட்தான் போடுவேன் என்பவர் சாலையைத்தான் முதலில் பார்க்க வேண்டும், டிராக்கில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தாக வேண்டும்.

விட்டுக்கொடுக்க மனமில்லை என்றால் இரண்டு செட் வைத்துக்கொள்ளுங்கள். ரேஸ் பேட்டை டிராக்குக்குப் போன பின் மாட்டி, திரும்புமுன் கழற்றிவிடலாம். கைவந்தவருக்கு ஒரு சக்கரத்துக்கு அரை மணி நேர வேலை. ஜாக் மட்டும் போதாது, ஸ்டாண்டும் கொடுத்துத்தான் கழற்ற வேண்டும். பிஸ்டனை உள்ளே தள்ளும்போது ஆயில் டப்பா நிரம்பி வழிகிறதா என்று பாருங்கள், வழிந்தால் பெயின்டைத் தின்றுவிடும். மாட்டியதும் காரை நகர்த்துமுன் பெடலைப் பலமுறை மிதித்துக் கெட்டியாக்குங்கள். மறந்தால் முதல் மிதி தரைவரை போகும்.

5. சில பேட்டுகளின் ஓரத்தில் எஃப்எஃப், ஜிஜி, ஈஎஃப் என்று இரண்டு ஆங்கில எழுத்துகள் அச்சிட்டிருக்கும். முதல் எழுத்து சாதாரண வெப்பத்தில் உராய்வு, இரண்டாவது சூடேறிய பின் உராய்வு. ஈ என்றால் 0.25 முதல் 0.35, எஃப் 0.35 முதல் 0.45, ஜி 0.45 முதல் 0.55. முதல் எழுத்தைவிட இரண்டாவது தாழ்ந்திருக்கும் பேட்டை மலைச்சாலைக்காரர் தவிர்ப்பது நல்லது. ஆனால் இந்தச் சோதனை ஏறத்தாழ 340 டிகிரியோடு நின்றுவிடுகிறது. 500 டிகிரியில் பேட் என்ன செய்யும் என்று அந்த எழுத்துகள் சொல்லாது. டிராக்குக்கு வாங்குகிறவர், தயாரித்தவர் தரும் வெப்ப எல்லையையும் கேட்டு வாங்க வேண்டும்.

6. நல்ல பேட் போட்டும் கார் நிற்கவில்லை என்றால் பல நேரம் குற்றவாளி பிரேக் ஆயில். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 ஆயிலின் கொதிநிலை புதிதில் குறைந்தது 205 டிகிரி, ஈரம் ஏறிய பின் 140. டாட் 4க்கு 230, 155. டாட் 5.1க்கு 260, 180. கொதித்தால் குழாயில் ஆவிக் குமிழி சேரும், குமிழி அமுங்கும், பெடல் மிதிக்க மிதிக்க உள்ளே போகும். சாலையில் மட்டும் ஓட்டுகிறவர் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றட்டும். டிராக்குக்குப் போகிறவர் அந்த மாதமே மாற்றிவிட்டுப் போகட்டும். டப்பாவில் மேலாக ஊற்றினால் போதாது, நான்கு சக்கரத்திலும் பழைய ஆயில் போய்ப் புதியது தெளிவாக வரும்வரை இறக்க வேண்டும். டாட் 5 என்பது சிலிகான் ஆயில், அதை மற்றவற்றோடு கலக்கவே கூடாது. பெயரில் 5.1 போலிருப்பதால் கடையில் மாறிவிடும், மூடியைப் படித்து வாங்குங்கள்.

7. பிரேக் தளர்ந்தால் எது தளர்ந்தது என்று கால் சொல்லும். பெடல் கெட்டியாக இருந்தும் கார் நிற்கவில்லையா, பேட் அளவுக்கு மீறிச் சூடாகிவிட்டது. பெடல் பஞ்சாகி உள்ளே போகிறதா, ஆயில் கொதித்துவிட்டது. முதலாவதற்குப் பேட்டை மாற்ற வேண்டும், இரண்டாவதற்கு ஆயிலை. மெக்கானிக்கிடம் ‘பிரேக் பிடிக்கவில்லை’ என்று மட்டும் சொல்லாமல் இந்த விவரத்தையும் சொன்னால் வீண் செலவு குறையும்.

8. முன்பக்கம் மட்டும் முரட்டுப் பேட் போட்டு, பின்பக்கம் தேய்ந்ததை அப்படியே விடாதீர்கள். ஒரு அச்சில் இடது வலது இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். பின்னால் டிரம் உள்ள கார்களில் லைனரையும் கழற்றிப் பாருங்கள், எண்ணெய்க் கசிவு இருந்தால் துடைத்துப் போடும் வேலையே வேண்டாம், மாற்றிவிடுங்கள்.

9. சாலைக்கு 3 மில்லிமீட்டர் கனம்வரை பேட்டை ஓட்டலாம். டிராக்குக்கு அது ஆகாது. மெலிந்த பேட் சூட்டை நேரே பிஸ்டனுக்கும் ஆயிலுக்கும் கடத்தும். புதுப் பேட்டில் பாதிக்குமேல் மிச்சம் இருந்தால் மட்டும் கிளம்புங்கள். கழற்றிய பேட்டை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். முகம் கண்ணாடிபோல் மின்னினால் மேல்தோல் இறுகிவிட்டது. ஓரம் வெளுத்துப் பொருபொருவென்று உதிர்ந்தால் அந்தக் கலவைக்கு உங்கள் ஓட்டம் தாங்காது. ஒரு நுனி மெலிந்து மறு நுனி தடித்திருந்தால் காலிப்பர் பின் இறுகியிருக்கிறது, அதைச் சரிசெய்யாமல் புதுப் பேட் போடுவது வீண். டிஸ்க்கின் விளிம்பிலோ நடுப்பகுதியிலோ குறைந்தபட்சக் கனம் பொறித்திருப்பார்கள், அதற்குக் கீழே லேத்தில் கடைந்து ஓட்டாதீர்கள்.

10. புதுப் பேட்டைப் போட்ட அன்றே டிராக்குக்குப் போகாதீர்கள். புதுத் தோசைக்கல்லைப் பழக்குவதுபோல் பேட்டையும் பழக்க வேண்டும். ஆளில்லாச் சாலையில் 60இலிருந்து 10வரை மிதமாகப் பத்துமுறை, பின் 80இலிருந்து சற்று அழுத்தமாக ஐந்தாறு முறை. நடுவில் முழுதாக நிறுத்தி மிதித்துப் பிடிக்காதீர்கள், பேட்டின் படலம் டிஸ்க்கில் திட்டாக ஒட்டிப் பிறகு ஸ்டியரிங் நடுங்கும். முடிந்ததும் பத்து நிமிடம் பிரேக் தொடாமல் ஓட்டி ஆறவிடுங்கள். தயாரித்தவர் வேறு முறை சொல்லியிருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

11. கள்ளப் பேட்டுக்கு எச்சரிக்கையாக இருங்கள். பிரேக் தொழிலில் தமிழ்நாடு பெரிய பெயர் பெற்றது. 1962இல் தொடங்கிய பிரேக்ஸ் இந்தியாவும், ரானேயும், சுந்தரம் பிரேக் லைனிங்ஸும் நம் மாநிலத்துக் கம்பெனிகளே. பெயர் பெற்றதற்குப் போலி வரத்தான் செய்யும். அட்டையில் எழுத்து மங்கல், தேதியும் பேட்ச் எண்ணும் இல்லாமை, ஹோலோகிராம் தேய்ப்பில் உரிவது, பின்தகட்டில் பிசிறு, பில் கொடுக்க மறுப்பு, இவற்றில் ஒன்று இருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஆஸ்பெஸ்டாஸ் இல்லாதது என்று அட்டையில் அச்சிட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். பழைய பேட் தூசை வாயால் ஊதவோ ஏர் பிடித்து அடிக்கவோ விடாதீர்கள், ஈரத்துணியால் துடைக்கச் சொல்லுங்கள்.

12. டிராக்கில் கடைசிச் சுற்றை பிரேக் தொடாமல் மெதுவாக ஓட்டி உள்ளே வாருங்கள். வந்ததும் ஹேண்ட் பிரேக் போடாதீர்கள். முதல் கியரில் விட்டுச் சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். கொதிக்கும் டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றினால் விரிசல் விடும். ஆறிய பின் டார்ச் அடித்துப் பாருங்கள், டிஸ்க்கில் நீலம் பாய்ந்திருந்தால் சூடு எல்லை மீறியிருக்கிறது.

13. எந்தப் பேட் போட்டாலும் தொப்பூரில் தருமபுரிப் பக்கமிருந்து இறங்கும்போது கியரில்தான் இறங்க வேண்டும். 2020 டிசம்பரில் அங்கே இறங்கி வந்த லாரி, நின்றிருந்த கார் வரிசையில் மோதி உயிர்கள் போனதை இந்தப் பக்கத்துக்காரர்கள் மறக்கவில்லை. நம் கார் நன்றாக நின்றாலும் பின்னால் வருவது நிற்க வேண்டுமே. ஆகவே கணவாயில் திடீர் பிரேக் வேண்டாம். ஏறுவதற்குப் போட்ட கியரே இறங்குவதற்கும் என்பது பழைய டிரைவர்கள் சொல்லும் கணக்கு. விட்டுவிட்டு அழுத்தமாக மிதியுங்கள், லேசாக மிதித்தபடியே வராதீர்கள். டீசல் மிச்சம் என்று எஞ்சினை அணைத்தால் பூஸ்டரின் வேக்குவம் இரண்டு மூன்று மிதியில் தீர்ந்து பெடல் கல்லாகிவிடும்.

14. டிராக்கிலிருந்து ஊர் திரும்புமுன் சக்கர நட்டுகளை டார்க் ரெஞ்சால் ஒருமுறை சரிபாருங்கள். சாதாரண மோட்டார் இன்சூரன்ஸ் பாலிசியில் ரேஸுக்கும் வேகச் சோதனைக்கும் இழப்பீடு கிடையாது என்பதால், டிராக்கில் ஏற்படும் சேதம் உங்கள் கைச்செலவுதான். பதிவு செய்யும் முன்பே ஏற்பாட்டாளரிடம் அதைப் பற்றிக் கேட்டுக்கொள்ளுங்கள்.