கடைப் பற்றும் குடும்பக் கணக்கும்

சங்கத்தின் ஏடுகளை ஆராயும்பொழுது ரொக்கப் புத்தகத்தில் ஒரு ரூபாய் குறைந்தாலும் நாம் காரணம் கேட்கிறோம். இருப்பில் ஒரு கட்டு நூல் காணவில்லையெனில் அதற்கு விளக்கம் எழுதி வாங்குகிறோம். ஆனால் சங்கத்திற்கு உயிராக விளங்கும் அங்கத்தினரின் வீட்டுக் கணக்கை ஆராய்பவர் யார்? அவ்வீட்டாரே ஆராய்ந்தாலன்றி வேறு எவரும் ஆராயப் போவதில்லை. வீட்டுக் கணக்கு சீர்குலைந்தால் அதன் விளைவு சங்கத்தின் வாயிலுக்கு வந்தே தீரும் என்பதற்கு நாம் கண்ட நிகழ்ச்சி ஒன்றை இங்கே எடுத்துரைக்க விரும்புகிறோம்.

நெசவாளர் சங்கம் ஒன்றில் நாம் ஆய்வு செய்து கொண்டிருந்தபோது அங்கத்தினர் ஒருவர் வந்து தம் பங்குத் தொகையைத் திரும்பத் தர வேண்டுமென்று விண்ணப்பித்தார். பதினான்கு ஆண்டுகள் அச்சங்கத்தில் நெய்தவர். தறியில் தேர்ந்த கை. தனி வணிகர் ஒருவர் முன்பணம் தருவதாகவும், அதைப் பெற்று அவரிடம் நெய்யப் போவதாகவும் கூறினார். முன்பணம் எதற்கு என்று வினவினோம். மளிகைக் கடையில் 11,400 ரூபாய் பற்று நிற்கிறது என்றார்.

முன்பணம் வாங்கியவர் அதை அடைக்கும் வரை அந்த வணிகருக்கே நெய்ய வேண்டும். கூலியையும் அவரே நிர்ணயிப்பார். மளிகைக் கடன் ஒன்றுக்காகத் தம் உழைப்பின் சுதந்திரத்தை அடகு வைக்க அந்த அன்பர் துணிந்திருந்தார். விண்ணப்பத்தை ஒரு வாரம் நிறுத்தி வைக்கும்படி கேட்டுக் கொண்டு, அன்று மாலை செயலாளருடன் அவர் இல்லத்திற்குச் சென்றோம்.

வட்டியில்லாக் கடனா?

"கடைக்கார அண்ணாச்சி ஒரு காசு வட்டி கேட்டதில்லை, ஐயா" என்றார் அவர் மனைவி. அவர் சொன்னது உண்மையே. பற்று நோட்டில் வட்டி என்று ஒரு வரியும் இல்லை. ஆனால் அந்த நோட்டிலுள்ள விலைகளையும், கூட்டுறவுப் பண்டகசாலையில் அதே மாதத்தில் விற்ற விலைகளையும் பக்கத்தில் பக்கமாக எழுதிப் பார்த்தபோது செய்தி வெளிப்பட்டது. பருப்பில் சில ரூபாய், எண்ணெயில் சில ரூபாய், புளியில் சில ரூபாய் என்று மாதம் 6,000 ரூபாய்க் கொள்முதலில் 300 ரூபாய் கூடுதலாக இருந்தது. ஆண்டுக்கு இது 3,600 ரூபாய். மூன்றாண்டுகளில் 10,800 ரூபாய். அதாவது, மூன்றாண்டு விலை வேறுபாடே அவருடைய முழுப் பற்றையும் ஏறக்குறைய அடைத்துவிடும்.

இதை வட்டிக் கணக்காகவும் பார்க்கலாம். 11,400 ரூபாய் நிலுவைக்கு ஆண்டுக்கு 3,600 ரூபாய் என்றால், நூற்றுக்கு 31 ரூபாய்க்கு மேல் ஆகிறது. பழைய நிலுவையே இல்லாமல் மாதக் கடைசியில் பற்றைத் தீர்த்துவிடுவோரும் மகிழ்ந்திருக்க வேண்டியதில்லை. அவர்கள் மாதம் முழுவதும் சிறிது சிறிதாக வாங்குவதால், சராசரியாக நிற்கும் கடன் 3,000 ரூபாயே. அதற்கு மாதம் 300 ரூபாய் கூடுதல் விலை கொடுத்தால், மாதத்திற்கு நூற்றுக்குப் பத்து, ஆண்டுக்கு நூற்றுக்கு நூற்றிருபது! கந்து வட்டிக்காரரைக் கண்டு அஞ்சும் நாம், விலைக்குள் ஒளிந்துள்ள வட்டியைக் காணாமல் இருக்கிறோம்.

கடைக்காரரைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. அவரும் கடனுக்குச் சரக்கு எடுப்பவர். வாராக் கடனுக்கும் சேர்த்தே விலை வைக்கிறார். தறி நின்ற மழை நாட்களில் அரிசி அளந்தவரும் அவரே. ஆகவே அவர் பற்றை ஏமாற்றாது தீர்ப்பதே முறை. நாம் விட வேண்டியது பற்று வைக்கும் பழக்கத்தைத்தான்.

ராச்டேல் நெசவாளர் கற்ற பாடம்

இப்பாடத்தை நமக்கு முன்பே கற்றவர்களும் நெசவாளர்களே. இங்கிலாந்தில் கம்பளித் துணி நெசவுக்குப் பெயர் பெற்ற ராச்டேல் நகரில் 1833-இல் ஒரு கூட்டுறவுக் கடை தொடங்கப் பெற்றது. கடனுக்கு விற்றமையால் அது இரண்டே ஆண்டுகளில் மூடப்பட்டது. பின்னர் 1844-ஆம் ஆண்டு டிசம்பர் 21-ஆம் நாள், 28 முன்னோடிகள் தலைக்கு ஒரு பவுன் வீதம் சேர்த்த 28 பவுன் மூலதனத்துடன் அதே நகரில் மீண்டும் ஒரு கடை திறந்தனர். மாவு, வெண்ணெய், சர்க்கரை, மெழுகுவர்த்தி போன்ற சில பண்டங்களே அதில் இருந்தன. ஆனால் அவர்கள் வகுத்த விதிகள் உறுதியானவை: ரொக்கத்திற்கே விற்பது, கலப்படமற்ற சரக்கைச் சரியான எடையில் தருவது, உபரியைக் கொள்முதலுக்கு ஏற்ப அங்கத்தினருக்கே பகிர்வது. அந்த ஒரு பவுனையும் அவர்கள் ஒரே நாளில் கட்டவில்லை. வாரந்தோறும் சில பென்ஸ்களாகச் சேர்த்தார்கள். நம் சென்னையில் 1904-இல் தோன்றிய திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கமும் பண்டகசாலை இயக்கத்தில் இவ்வழி வந்ததே.

பற்றிலிருந்து வெளியேறும் வழி

"கையில் ரொக்கம் இருந்தால் நாங்கள் ஏன் பற்று வைக்கிறோம்?" என்று அங்கத்தினர் கேட்பது நியாயமே. அந்த அன்பரும் இதையே கேட்டார். அவர் மாதந்தோறும் கடைக்குச் செலுத்தியதும் ஏறக்குறைய வாங்கிய அளவேதான். ஆதலால் நிலுவை கூடாமலும் குறையாமலும் நின்றது. ஆகவே வழி இருந்தது. துணி ஒப்படைத்துக் கூலி பெறும் ஒரு நாளில் பழைய பற்றுக்குக் கோடு போட்டு நிறுத்த வேண்டும். அன்று கடைக்குக் கொடுக்க இருந்த கூலியைக் கொண்டு அடுத்த வாரத்திற்குரிய சாமான்களை ரொக்கத்திற்கு வாங்க வேண்டும். பழைய பற்றை மாதத் தவணையாகத் தீர்க்க வேண்டும். செயலாளரும் உடன் வந்து பேசியபின் கடைக்காரர் இதற்கு இசைந்தார்.

தவணை 600 ரூபாய் என்று முடிவாயிற்று. 19 மாதங்களில் பற்று தீரும். இந்த 600 ரூபாய் எங்கிருந்து வந்தது? ரொக்க விலையில் வாங்கியதால் 300 ரூபாய் மிஞ்சியது. சிறு பொட்டலங்களைத் தவிர்த்ததால் 140 ரூபாய். நாள்தோறும் கடைக்குப் போகும்போது கூடவே வாங்கி வந்த தின்பண்டங்களைக் குறைத்ததால் 160 ரூபாய். யாருடைய வயிற்றையும் வாட்டவில்லை.

வாங்கும் முறை

முதலாவது, விலையை எடைக்கு வகுத்துப் பார்க்க வேண்டும். 50 கிராம் பொட்டலம் 20 ரூபாய், 250 கிராம் 85 ரூபாய் என்று கொள்வோம். முன்னதில் 100 கிராம் 40 ரூபாய்; பின்னதில் 34 ரூபாய். எனினும் பெரியதெல்லாம் மலிவு என்று கண்ணை மூடிக் கொண்டு நம்பலாகாது. சில பண்டங்களில் சிறு பொட்டலமே மலிவாக இருப்பதுண்டு. விலை மாறாமலே எடை குறைந்து வரும் பொட்டலங்களும் உண்டு. ஆதலின் எடையையும் படிக்க வேண்டும்.

இரண்டாவது, பருவமறிந்து வாங்க வேண்டும். புதுப் புளியும் மிளகாயும் மாசி, பங்குனி மாதங்களில் சந்தைக்கு வரும். அப்பொழுது ஓராண்டுக்கு வேண்டிய புளியை வாங்கிக் கொட்டை நீக்கி, வெயிலில் உலர்த்தி, உப்பிட்டு மண் பானையில் அடைத்து வைக்கலாம். பருப்பையும் நன்கு உலர்த்தி, சில வற்றல் மிளகாய்களுடன் டப்பாவில் வைத்தால் வண்டு அணுகாது. விளைவிப்போரும் நெய்வோரும் ஒரே வட்டாரத்தில் உள்ள நம் சங்கங்கள், அறுவடைக் காலத்தில் இவ்விரு சாராரையும் நேரே இணைத்தால் இருவருக்கும் நன்மை.

மூன்றாவது, நியாய விலைக் கடையை மறத்தலாகாது. தமிழகத்தில் இக்கடைகளில் பெரும்பாலானவற்றைக் கூட்டுறவுச் சங்கங்களே நடத்துகின்றன. 2011 முதல் அரிசி விலையின்றி வழங்கப்படுகிறது. துவரம்பருப்பும் பாமாயிலும் வெளிச் சந்தையினும் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. இவற்றை வாங்க அன்று கையில் ரொக்கம் இல்லாமல், அதே பண்டங்களைப் பற்றுக் கடையில் கூடுதல் விலைக்கு வாங்கிய மாதங்கள் அந்த அன்பரின் நோட்டில் பல இருந்தன.

காலமும் காசே

நாளொன்றுக்கு நான்கு முறை கடைக்குச் சென்றால், ஒரு முறைக்குக் கால் மணி என்று கொண்டாலும் ஒரு மணி நேரம். மாதத்தில் முப்பது மணி! அந்நேரம் பெரும்பாலும் தார் சுற்றும் பெண்மணியின் நேரம். தார் சுற்றாவிடில் நாடாவில் ஊடை இல்லை, தறியும் நிற்கும். தார் சுற்றுவதைக் கூலியற்ற வேலையென்று எண்ணுவதால் அதன் இழப்பு நம் கண்ணில் படுவதில்லை. வாரம் ஒரு முறை பட்டியல் எழுதிச் சந்தைக்குச் செல்வதும், அதை ஆடவரும் பகிர்ந்து கொள்வதும் இவ்விழப்பைக் குறைக்கும். பட்டியலை எழுதுபவரும் கணக்கை எழுதுபவரும் வீட்டின் பெண்மணியாகவே இருத்தல் நலம். அரிசிப் பானையின் ஆழத்தை அறிந்தவர் அவரே.

மழைக்கு முன் சேமிப்பு

நெசவாளருக்கு ஐப்பசியும் கார்த்திகையும் சோதனையான மாதங்கள். குழித்தறியில் ஈரம் ஊறும். தெருவில் பாவு விரித்துக் கஞ்சி போட இயலாது. அதே காலத்தில்தான் தீபாவளிச் செலவும் வருகிறது. விவசாயிக்கோ அறுவடையில் மொத்தமாகப் பணம் வந்து, பின்னர் பல மாதங்கள் வரவே இருப்பதில்லை. ஆகவே வரவுள்ள மாதத்திலேயே வரவற்ற மாதத்திற்கும் பங்கு ஒதுக்க வேண்டும். செலவு போக மிஞ்சியதைச் சேமிப்போம் என்றால் ஒருநாளும் மிஞ்சாது. சேமிப்பை எடுத்து வைத்துவிட்டு எஞ்சியதைச் செலவு செய்ய வேண்டும். சங்கத்தின் சிக்கன வைப்பும், நெசவாளர் சேமிப்பு மற்றும் பாதுகாப்புத் திட்டமும் இதற்கென்றே உள்ளவை. பின்னதில் நம் கூலிப் பிடித்தத்துடன் அரசின் பங்கும் சேர்கிறது.

அந்த அன்பர் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக் கொண்டார். பதினைந்து மாதங்கள் ஆயின. மழையில் தறி நின்றதால் இரு மாதம் தவணை தவறியது; பதின்மூன்று தவணைகளில் 7,800 ரூபாய் செலுத்தியுள்ளார். இன்னும் 3,600 ரூபாய், ஆறு தவணை பாக்கி. அது முடிந்ததும் அதே 600 ரூபாயைச் சிக்கன வைப்பில் இடப் போவதாக அவர் மனைவி கூறுகிறார். அவ்வாறு செய்தால் ஓராண்டில் 7,200 ரூபாய் சேரும். அடுத்த மழை அவ்வீட்டைக் கடனின்றிச் சந்திக்கும். அவர் இன்றும் சங்கத்தின் தறியில் நெய்கிறார்.

அங்கத்தினர் தம் இல்லத்தில் செய்து பார்க்க:

1. சென்ற மாதப் பற்று நோட்டில் உள்ள பத்துப் பண்டங்களின் விலையைப் பண்டகசாலை விலையுடன் ஒப்பிட்டு எழுதுக. வேறுபாட்டைப் பன்னிரண்டால் பெருக்குக.

2. ஒரு வாரம் கடைக்குச் சென்ற தடவைகளையும் நேரத்தையும் குறித்து வைக்க.

3. சென்ற ஆண்டு வரவில்லாதிருந்த மாதங்கள் எவை? அவற்றிற்கு எவ்வளவு தேவைப்பட்டது?

விடைகளை அடுத்த அங்கத்தினர் கூட்டத்திற்குக் கொண்டு வாருங்கள். ஒருவர் கணக்கு மற்றவருக்குப் பாடமாகட்டும். சிறுதுளி பெருவெள்ளம் என்பது சேமிப்புக்கு மட்டுமன்று, கடனுக்கும் பொருந்தும். எத்துளியைச் சேர்ப்பது என்பது நம் கையில் இருக்கிறது.