கிணற்றுத் தண்ணீர் கரிக்கிறதா?

திசையன்விளை, உவரி, குட்டம் பக்கம் எந்தக் கிணறும் ஒரே நாளில் உப்பாவதில்லை. கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். நாக்கும் கூடவே பழகிவிடும். முருங்கை இலை நுனி கருகும்போது முழித்துக்கொண்டால் காரியம் கெட்டிருக்கும். இன்றே தொடங்குங்கள்.

செய்ய வேண்டியவை

1. தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் ஒன்று வாங்குங்கள். சில நூறு ரூபாய்தான். நாக்குக்குத் தெரியாதது அதற்குத் தெரியும்.
2. மோட்டாரைக் கால் மணி நேரம் ஓடவிட்டுத் தண்ணீர் பிடியுங்கள். குழாயில் தேங்கியது கிணற்றின் நிலையைச் சொல்லாது.
3. மாதம் ஒரு முறை அளவையும் நீர்மட்டத்தையும் காலண்டரிலேயே குறியுங்கள். ஞாபகம் ஏமாற்றும்.
4. மே மாத அளவைப் போன மே மாதத்தோடு ஒப்பிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் உப்பு இறங்குவது இயல்பு; கிணறு தேறிவிட்டது என்று அர்த்தமில்லை.
5. பக்கத்துத் தோட்டக் கிணறுகளையும் அளந்து பாருங்கள். கடற்கரைப் பக்கமிருந்து வரிசையாக ஏறிவந்தால், கடல்நீர் உள்ளே வருகிறதோ என்று சந்தேகப்படுங்கள்.
6. ஏறுமுகம் தெரிந்தால் தண்ணீரைக் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கொடுங்கள். கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருந்தால் குடிக்க உகந்தது. வேறு தண்ணீர் இல்லாதபோது மட்டும் 2,000 வரை போகலாம்.
7. முருங்கைக்குச் சொட்டுநீர் போடுங்கள். இறைப்பு குறைந்தால்தான் நல்ல தண்ணீர் நிலைக்கும்.

செய்யக்கூடாதவை

1. கரிக்கிறதே என்று போரை ஆழமாக்காதீர்கள். கடலோரத்தில் உப்புநீர் அடியில் கிடக்கிறது. நன்னீர் மட்டம் 1 அடி இறங்கினால் அது சுமார் 40 அடி மேலேறும் என்பது கணக்கு.
2. ராத்திரி பகலாக மோட்டார் ஓட்டாதீர்கள். விட்டுவிட்டு இறையுங்கள்; ஊற்றுக்கு நேரம் வேண்டும்.
3. ‘லேசாத்தானே கரிக்குது’ என்று விடாதீர்கள். 100 குடத்தில் 2 குடம் கடல்நீர் சேர்ந்தாலே லிட்டருக்கு 700 மில்லிகிராம் உப்பு கூடும்.
4. காய்ச்சினால் சரியாகும் என்று நம்பாதீர்கள். கிருமி சாகும், உப்பு போகாது.
5. ஆர்ஓ கழிவுநீரைக் கிணற்றடியில் விடாதீர்கள். வடித்த உப்பு திரும்ப உள்ளேதான் போகும்.
6. ஆயன்குளம் கிணற்றைப் பார்த்து வெள்ளத்தை நேரே உங்கள் கிணற்றில் திருப்பாதீர்கள். 2021 மழையில் அது வாரக்கணக்கில் தண்ணீர் வாங்கியும் நிரம்பாததற்கு, அடியில் உள்ள சுண்ணாம்புப் பாறைக் குகைகளே காரணம் என்றது சென்னை ஐஐடி குழு. உங்கள் நிலத்தடி வேறாக இருக்கலாம். சேறும் சாக்கடையும் சேர்ந்து இறங்கும். ஜல்லியும் மணலும் போட்ட வடிகட்டிக் குழி வழியாக மட்டும் விடுங்கள். அந்தக் குழியை மழைக்கு முன்பே வெட்டிவிடுங்கள்.